எட்டு ஆண்டுகளாகக் கேட்டுவரும் விக்வாம் மேடைப்பதிவு

பின்லாந்தின் விக்வாம் என்ற ராக் இசைக்குழு 1975இல் வெளியிட்ட ‘லைவ் மியூசிக் ஃப்ரம் த ட்விலைட் ஸோன்’ என்ற இரட்டை இசைத்தட்டு என்னிடம் வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஓராண்டு அது எனக்குப் பிடிக்கவே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ‘பீயிங்’ என்ற ஸ்டுடியோ ஆல்பத்தில் நான் மனத்தைப் பறிகொடுத்திருந்தேன். பாட்டாளி, குட்டி முதலாளி, போதகர் என்று சமூக மனிதர்களைத் தலைப்பாக்கி, ஒரு பாடலின் முடிவிலிருந்து அடுத்ததை முளைக்க வைத்து நெருக்கமாகப் பின்னிய ஆல்பம் அது. அதே பின்னலை மேடையிலும் எதிர்பார்த்துக் கேட்டதால், இந்தப் பதிவின் நிதானமும் நீண்ட வாசிப்புகளும் எனக்கு அலைச்சலாகத் தோன்றின.

என் கருத்தை மாற்றியது கேட்கும் முறைதான். ஒரு வாரம், இரவுக்கு ஒருவராகக் குழுவின் நால்வரையும் ஹெட்போனில் பின்தொடர்வது என்று முடிவு செய்தேன். முதல் இரவு பெக்கா பொஹ்யோலாவின் பேஸ் கிட்டார். இசைக்கு அடித்தளம் போடும் வேலையோடு அவர் நிற்பதில்லை. மற்றவர்கள் மூச்சு வாங்கும் இடங்களில் தனக்கென ஒரு மெட்டை மெதுவாக முன்னே தள்ளிவிட்டு, பாடகர் திரும்பி வந்ததும் ஓசையில்லாமல் பின்வாங்கிவிடுகிறார். அவர் வயலினும் பயின்றவர் என்பதை அறிந்தபின், அந்த மெட்டுகள் ஏன் பாடுவதுபோல் நீள்கின்றன என்பது விளங்கியது. இரண்டாம் இரவு ரோன்னி ஓஸ்டர்பெர்க்கின் டிரம்ஸ். 1968இல் குழுவைத் தொடங்கியவர் அவர்தான். ஆரவாரமாக அடித்துக் கைதட்டல் வாங்க வேண்டிய இடங்களிலும் அவர் தாளத்தைத் தளர்வாகவே விட்டு வைப்பதை அன்றுதான் கவனித்தேன்.

இந்த நால்வர் அணியில் நிரந்தரக் கிட்டார் கலைஞர் இல்லை. ராக் இசையில் கிட்டார் தாங்கும் பொறுப்பு முழுவதையும் யூக்கா குஸ்தாவ்சனின் ஆர்கனும் பாடகர் ஜிம் பெம்புரோக்கின் பியானோவும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஸ்டுடியோ ஆல்பத்தில் அடுக்கடுக்கான ஒலிகளுக்கு நடுவே இந்தக் குறை தெரியாது. மேடையில் அது வெளிப்படையாகத் தெரிகிறது, அதுவே இந்தப் பதிவின் அழகும் ஆகிறது. ‘பெடகாக்’ பாடல் ‘பீயிங்’ ஆல்பத்திலும் உண்டு என்பதால், இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். ஒன்று வரைபடம், மற்றது அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு நால்வர் நடந்துபோன வழி.

பெம்புரோக் லண்டனில் பிறந்து, 1960களில் பின்லாந்துக்கு வந்து அங்கேயே இசை வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர். த பேண்ட் குழுவின் 1971ஆம் ஆண்டு ஆல்பமான ‘கஹூட்ஸ்’இல் இடம்பெற்ற ‘த மூன் ஸ்ட்ரக் ஒன்’ பாடலை விக்வாம் குழுவினர் இந்த மேடைப்பதிவில் வாசிக்கிறார்கள். பிறர் பாடல்களை இப்படிச் சேர்த்ததைத் தொடக்கத்தில் நான் இடநிரப்பல் என்றே எண்ணினேன். இப்போது அந்த எண்ணம் இல்லை. சிக்கலான இசைக்குப் பேர்போன ஒரு குழு எளிய பாடலொன்றை எவ்வளவு மரியாதையோடு கையாளுகிறது என்பதை அதில் கேட்க முடிகிறது.

குறைகளும் உண்டு. ஸ்டுடியோவின் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது. சில இடங்களில் குரல் இசைக்குள் அமிழ்ந்துவிடுகிறது. நான்கு பக்கங்களையும் ஒரே மூச்சில் கேட்டால் நடுவில் கவனம் சிதறுவதும் உண்மை. என் பிரதிக்கு இன்னொரு குறையும் இருந்தது. கீறலே இல்லை என்று உறுதி கூறிய ஒருவரிடம் வாங்கிய பழைய தட்டு அது. இரண்டாம் தட்டின் ஒரு பக்கத்தில் ஆழமான கீறல் இருந்தது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் சுழலும் தட்டு என்பதால், 1.8 விநாடிக்கு ஒருமுறை ‘டக்’ என்ற ஒலி தவறாமல் வரும். மெல்லிய பியானோ பகுதிகளில் அது பெரும் தொல்லையாக இருந்தமையால் பின்னர் குறுந்தகடும் வாங்கினேன். இருந்தும் கீறல் இல்லாத முதல் தட்டைத்தான் இன்றும் அடிக்கடி எடுக்கிறேன். பக்கம் முடிந்ததும் எழுந்து திருப்பிப் போட வேண்டியிருக்கும் அந்த இடைவெளி இந்த இசைக்கு மிகவும் பொருந்துகிறது.

பொஹ்யோலாவும் குஸ்தாவ்சனும் இந்தத் தட்டு வெளிவருவதற்கு முன், 1974இலேயே குழுவை விட்டு விலகிவிட்டார்கள். புதியவர்களோடு 1975இல் வந்த ‘நியூக்ளியர் நைட்கிளப்’ கிட்டாரை முன்னிறுத்திய வேறொரு விக்வாமின் ஆல்பம்; நல்ல ஆல்பம்தான், ஆனால் இந்த நால்வர் பேசிக்கொண்ட மொழி அதில் இல்லை. ஓஸ்டர்பெர்க் 1980இலும், பொஹ்யோலா 2008இலும், பெம்புரோக் 2021இலும் காலமானார்கள். பெம்புரோக் மறைந்த செய்தி வந்த இரவில் இந்தத் தட்டைத்தான் போட்டேன்.

புதிதாகக் கேட்க விரும்புவோர் முதல் பாடலிலிருந்து தொடங்காமல், ‘கிராஸ் ஃபார் பிளேட்ஸ்’ பாடலை மட்டும் எடுத்துக்கொண்டு சில நாட்கள் அதனோடு இருந்து பார்க்கலாம். காரிலோ பேருந்திலோ வேண்டாம். பேஸ் கிட்டாரின் கீழ்ச்சுரங்கள் அந்த இரைச்சலில் கரைந்துபோகும், பாதி உரையாடல் காதுக்கு வராது.