பூனைக்கு எதிராகத் தொட்டியில் எது நிற்கும்: கோழிவலையா, தேங்காய் உரிமட்டையா?

மாடித்தோட்டத்துக்கு அணிலும் மயிலும் தின்ன வருகின்றன. பூனை அப்படியில்லை. விதைக்கவென்று நாம் பொலபொலவென்று கிளறி வைத்த மண்தான் அதற்கு வேண்டும், தேங்காய் நார்க்கழிவு கலந்திருந்தால் இன்னும் வசதி. ஒரே ராத்திரியில் தோண்டி, கழிந்து, மூடிவிட்டுப் போய்விடும். அதனால் பூனையை மிரட்டுவதைவிட மண்ணை மூடுவதுதான் வேலைக்காகும்.

விதை போட்ட செடிப்பைக்குக் கோழிவலைதான் சரி. அரை அங்குலக் கண் உள்ளதாக வாங்கி, பையின் வாயளவுக்கு வெட்டி, கம்பி முனைகளைக் கீழ்ப்பக்கம் மடக்கி, மண்மேல் படியப் போட வேண்டும். உயரத் தூக்கிக் கட்டினால் பூனை அதில் ஏறிப் படுத்துக்கொள்ளும். கீரை கண் வழியாகத் தானே மேலே வந்துவிடும். கிள்ளிப் பறிக்கும் அரைக்கீரைக்குத் தொந்தரவில்லை. வேரோடு பிடுங்கும் சிறுகீரை என்றால் ஒவ்வொரு முறையும் வலையோடு மல்லுக்கட்ட வேண்டும். கத்தரி, தக்காளிக்குத் தண்டு தடிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கம்பி இறுக்கிவிடும்.

செடி ஒரு சாண் வளர்ந்தபின் என் ஓட்டு உரிமட்டைக்கு. பொள்ளாச்சிப் பக்கம் போக வேண்டியதில்லை, வீட்டில் தேங்காய் உரித்ததே போதும். கையகலத் துண்டுகளாக்கி, ஒரு ராத்திரி ஊறவைத்து அந்தச் செந்தண்ணீரைக் கொட்டிவிட்டு, பூனையின் கால் நுழையாதபடி நெருக்கி அடுக்குங்கள். சித்திரை வெயிலில் ஈரமும் நிற்கும். ஐப்பசி மழையில் மட்டும் அடியில் மரவட்டையும் நத்தையும் குடியேறும், அவ்வப்போது புரட்டிப் பார்க்க வேண்டும்.

முள்? எலுமிச்சைக் கிளையை வெட்டிப் போட்டால் பூனை வராது. களை பறிக்க நம் கையும் வராது.

வாசனை வைத்தியங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆரஞ்சுத் தோலை ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கத்து மாடியில் சேர்த்துவிடும். மிளகாய்த்தூள் ஒரு தண்ணீருக்குத் தாங்காது. அந்துருண்டையும் பினாயிலும் போட்டியிலேயே இல்லை, இரண்டும் பூனைக்கு விஷம்.

ஏற்கெனவே கழிந்திருந்தால் கையுறை போட்டு அன்றைக்கே அள்ளிவிடுங்கள். பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். வெளியே வந்த 1 முதல் 5 நாட்களில் தொற்றும் நிலைக்கு வந்து, ஈரமண்ணில் மாதக்கணக்கில் தாங்கும். கர்ப்பிணிகள் அந்த மண்ணைத் தொடவே வேண்டாம்.

வீட்டையே சுற்றும் பூனை என்றால் மூடுவதோடு, மூலையில் ஒரு பழைய பேசினில் மணலும் வையுங்கள். ஆற்று மணல் விற்கிற விலைக்குக் கொஞ்சம் மனசு வராதுதான், ஆனாலும் தினமும் அள்ளிச் சுத்தம் செய்தால் அது அங்கேயே பழகிக்கொள்ளும். அப்புறம், குப்பைமேனியைப் பிடுங்கினால் பை பக்கத்திலேயே போட்டுவிடாதீர்கள். அதன் வேர் வாசனைக்குப் பூனை தேடி வந்து புரளும். பூனைவணங்கி என்று அதற்கு ஒரு பெயரே உண்டு.