காலடிக்கு எட்டு மாதம், மஞ்சள் பெல்ட்டுக்கு மூன்று மாதம்

என் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் இரண்டு விதமாகச் சண்டைக் கலை பயில்கிறார்கள். மகன் வடசென்னையின் காசிமேட்டில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், சின்டெக்ஸ் தொட்டிக்கும் கருவாடு உலர்த்திய தார்ப்பாய்க்கும் நடுவே கிடைக்கும் இடத்தில், சிலம்பம் கற்கிறான். மகள் தண்டையார்பேட்டையில் தன் பள்ளியிலேயே மாலையில் நடக்கும் கராத்தே வகுப்புக்குப் போகிறாள். இருவரையும் ஒரே வாரத்தில்தான் சேர்த்தோம். மூன்றாம் மாத முடிவில் மகள் மஞ்சள் பெல்ட்டும், கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழும் கொண்டுவந்தாள். எட்டு மாதம் ஆகியும் மகனுக்கு முழுதாக ஒரு வீச்சுகூடச் சொல்லித்தரப்படவில்லை. வாத்தியார் அவனைக் காலடியிலேயே, அதாவது கால் மாற்றி வைத்துத் திரும்பும் பயிற்சியிலேயே, நிறுத்தி வைத்திருக்கிறார். “அந்த மனுஷன் பிள்ளையை ஏமாத்துறாரா, இல்ல இந்தப் பள்ளிக்கூடம் நம்மை ஏமாத்துதா?” என்று என் மாமியார் ஒருநாள் கேட்டார். மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் பாடம் நடத்தியவள் என்ற முறையில் அந்தக் கேள்வியை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். சிலம்பம் மரபு, பள்ளியில் நடக்கும் கராத்தே புதுமை என்று எங்கள் தெருவில் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். கராத்தே வகுப்பைப் பார்க்கிறவர்களோ, அந்த வெள்ளை உடையையும் குனிந்து வணங்குவதையும் கண்டு, அதுவும் ஆயிரம் ஆண்டு மரபு என்று நம்பிவிடுகிறார்கள். இன்று ஜப்பானில் இருக்கும் ஒக்கினாவாவில் கராத்தே நெடுங்காலம் ஓர் ஆசிரியர் சில மாணவர்களுக்கு ஒதுக்கமாகச் சொல்லித்தந்த கலையாகவே இருந்தது. 1901 வாக்கில் அங்கோ இத்தோசு என்பவர் அதைப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக்குள் கொண்டுபோனார். பிள்ளைகளுக்கு ஏற்ப அவர் எளிமையாக்கி அமைத்த பினான் கட்டாக்களை, அதாவது வரிசைப்படுத்திய அசைவுத் தொடர்களைத்தான், இன்று தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் ஹெயான் என்ற பெயரில் செய்கிறார்கள். கிச்சின் ஃபுனக்கோஷி 1922இல் தோக்கியோவுக்கு இந்தக் கலையைக் கொண்டுபோன பிறகு, ஜூடோவிலிருந்து உடையையும் கறுப்பு பெல்ட்டுக்காரர்களைத் தரம் பிரிக்கும் டான் தகுதி முறையையும் எடுத்துக்கொண்டார். அந்த டான் முறையை 1883இல் ஏற்படுத்திய ஜிகோரோ கானோவோ தொழிலால் ஆசிரியர். 1882இல் ஒரு கோயிலில் 12 பாய்கள் விரித்த அறையில் தம் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கியவர், பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவராகவும் இருந்தார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று நிறம் நிறமாக பெல்ட் கொடுப்பது 1930களில் ஐரோப்பாவில் ஜூடோ கற்பித்தவர்கள் பரப்பிய வழக்கம். வரிசையில் நிற்பது, எண்ணிக்கைக்கு அசைவது, சீருடை, தேர்வு, சான்றிதழ் ஆகிய எல்லாமே பள்ளிக்கூடத்திலிருந்து சண்டைக் கலைக்குப் போனவை.

எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. வடசென்னையின் குத்துச்சண்டை கையுறையோடும் 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளோடும் வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்ததுதான். ஆனால் இங்கே அது சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து, வாத்தியார், சிஷ்யன், பரம்பரை மானம் என்று முழுக்க முழுக்க நம்மூர் வழக்கத்துக்குள் குடியேறிவிட்டது. ஆகவே ஒரு கலை எவ்வளவு பழையது என்பதை வைத்து அது கற்பிக்கப்படும் முறையை எடைபோட முடியாது. கற்பவரை அடுத்த படிக்கு அனுப்புவது எது, நாள்காட்டியா அவருடைய உடம்பா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

மொட்டை மாடியில் நடப்பது இதுதான். வாத்தியார் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு சதுரம் போடுகிறார். பிள்ளை அதன் மூலைகளில் கால் மாற்றி மாற்றி வைத்துத் திரும்ப வேண்டும். கையில் கம்பு இருந்தாலும் அது இப்போதைக்குச் சும்மா பிடித்திருக்கத்தான். வாத்தியார் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை, குதிகாலைப் பார்க்கிறார். திரும்பும்போது பாரம் முன்காலிலேயே தங்கிவிட்டால் பின்கால் இழுபடும். அந்த நிலையில் கம்பு சுழன்றால் அது எதிராளியைத் தொடுவதற்கு முன் சுழற்றுபவனின் முழங்காலைத் தொட்டுவிடும். என் மகனுக்கு வலப்பக்கம் திரும்புவது சீக்கிரமே வந்துவிட்டது, இடப்பக்கம் வரவில்லை. வாத்தியார் தம் கம்பின் நுனியால் அவன் இடது குதிகாலை லேசாகத் தட்டி “பாரம்” என்று ஒரு சொல் சொல்வார். ஒரு மாலையில் அதை இருபது முறை சொல்லியிருப்பார். அவனுக்குப் பக்கத்தில் அவனைவிடச் சின்னவள் ஒருத்தி, நான்கு மாதத்திலேயே காலடி தேறி, வீச்சு கற்றுக்கொண்டிருக்கிறாள். அதை யாரும் வெட்கமாக நினைப்பதில்லை, ஏனென்றால் அங்கே வகுப்பு என்ற ஒன்றே இல்லை. ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள்.

கராத்தே வகுப்பில் நாற்பது பிள்ளைகள் ஐந்து வரிசையாக நிற்கிறார்கள். மாஸ்டர் இச், நி, சான் என்று எண்ண, நாற்பது கைகளும் ஒன்றாகக் கீழ்த்தடுப்புக்கு இறங்குகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மூன்றாம் வரிசையில் நிற்கும் என் மகளின் கை, முழங்காலுக்குச் சற்று மேலே உறுதியாக நிற்க வேண்டியது, தொடையோரம் தொங்கி நிற்பதை மாஸ்டர் பார்த்ததாகத் தெரியவில்லை; பார்த்திருந்தாலும் அந்த எண்ணிக்கையை நிறுத்திவிட்டு அவளிடம் வர அவரால் முடியாது. தொங்கிய கையோடே அவள் தேர்வில் தேறினாள். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பது பிள்ளைகளையும் ஒரு கரும்பலகையையும் வைத்துக்கொண்டு நான் எத்தனை தொங்கிய கைகளைக் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். வரிசை முறைக்கு அதற்கே உரிய பலமும் உண்டு: தனியாக நின்றால் அழுதுவிடக்கூடிய கூச்ச சுபாவமுள்ள பிள்ளை கூட்டத்துக்குள் மறைந்துகொண்டு துணிவாகக் கத்தும், தனியாக இருநூறு முறை செய்யாததைக் கூட்டத்தோடு சலிக்காமல் செய்யும், குறைந்த நேரத்தில் நிறையப் பேருக்கு ஓர் அடிப்படையாவது கிடைக்கும்.

பள்ளிக் கல்வியில் இந்த இரண்டு முறைகளுமே சென்னையில் நடந்து பார்த்தவைதான், அதுவும் யாரும் எதிர்பார்க்காத வரிசையில். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரியர்கள் அதை ஏற்கத் தயங்கியபோது, ஒரு சிறுவனையே இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் ஊரில் அதற்குச் சட்டாம்பிள்ளை என்ற பெயர் முன்பே இருந்தது. அவர் 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட, அது மெட்ராஸ் முறை என்ற பெயரோடு இங்கிலாந்தில் புதுமையாகப் பரவியது. இங்கே நாம் மணலை விட்டு வரிசைப் பெஞ்சுக்கு மாறினோம்.

பிறகு 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையை ஒட்டியது அது. 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. பெஞ்சுகள் வெளியே போயின. சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்வாகக் கரும்பலகை அடித்தார்கள். நானும் பாயில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாடமும் ஏணிப்படியாக அட்டைகளில் பிரிக்கப்பட்டிருந்தது. பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்து, ஆசிரியர் துணையுள்ள குழுவிலோ தேறிய பிள்ளை துணையுள்ள குழுவிலோ போய் உட்காரும். ஆயத்தப் பயிற்சியில் இதை உலகத்திலேயே இல்லாத புதுமை என்று எங்களுக்குச் சொன்னார்கள். மொட்டை மாடியில் என் மகனைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மாலையில்தான் இது எனக்கு உறைத்தது: சதுரமும், தட்டும் கம்பும், நான்கு மாதத்தில் முந்திப் போன சின்னவளும் அதே ஏணிதான். வடசென்னையில் கம்பு சொல்லிக்கொடுப்பவரையும் பாடம் சொல்லிக்கொடுப்பவரையும் ஒரே சொல்லால் வாத்தியார் என்று அழைப்பது பொருத்தம்தான்.

அட்டை முறையைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையை மறைப்பது நியாயமாகாது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. தொலைந்த அட்டையில் ஏணி அறுந்தது. வீட்டுப்பாடம் இல்லை, புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை என்று பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். மெதுவாகப் போகும் பிள்ளை ஒரே அட்டையில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்க, நானும் மற்றவர்களைக் கவனிக்கும் அவசரத்தில் அதை அவனுடைய வேகம் என்று சொல்லி விட்டுவிட்ட நாட்கள் உண்டு. மொட்டை மாடிக்கும் இதே ஆபத்து இருக்கிறது. ஒருவன் காலடியிலேயே எட்டு மாதம் நிற்பது அவன் குதிகாலின் குறையாக இருக்கலாம், அல்லது வாத்தியார் அவனை மறந்துவிட்டதாகவும் இருக்கலாம்; தினமும் இருபது முறை தட்டப்படுகிறதா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

கடற்கரை ஓரத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் பணம் புழங்காது. மாதக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் கேட்கும் வகுப்பிலிருந்து பிள்ளைகள் முதலில் நிற்பது அப்போதுதான். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும் பிள்ளைக்கு வரிசை முறையில் இடம் இல்லை. மற்றவர்கள் அடுத்த கட்டாவுக்குப் போயிருப்பார்கள், இவன் பின்வரிசையில் நின்று முன்னால் இருப்பவனின் முதுகைப் பார்த்துக் கையை அசைப்பான். மாடியிலோ விட்ட சதுரத்திலிருந்தே தொடங்குவான், கட்டணமும் முடிந்தபோது கொடுப்பது என்ற வழக்கம்தான். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்காத தமிழ்நாட்டின் கொள்கையை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் நிறுத்தாமல் அனுப்புவதோடு நின்றுவிட்டால், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை நான்காம் வகுப்பின் பின்வரிசையில் முதுகைப் பார்த்து அசையும் நிலைதான் வரும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்க முனைந்தது இதற்காகத்தான்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, மொட்டை மாடிக்கு எதிரானவற்றையும் கறாராகச் சொல்ல வேண்டும். என் மகனின் வாத்தியார் தட்டுகிறார். அவருடைய வாத்தியார் அடித்தார், தழும்பு இருக்கிறது, அதைப் பெருமையாகக் காட்டவும் செய்கிறார். பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்துவிட்டது. அந்தச் சட்டம் மாடிக்கு ஏறி வருவதில்லை. கடைசி வித்தையைக் கைவசம் வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னொன்று. எதிராளியை மடக்கிப் பூட்டும் பூட்டுப் பிரிவில் சிலவற்றைத் தம் வாத்தியார் தமக்குக் காட்டாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று இவரே வருத்தப்படுகிறார். பிறகு, தாமும் எல்லாருக்கும் காட்டப்போவதில்லை என்கிறார். பெண் பிள்ளைகளை இவர் சேர்க்கத் தொடங்கியதே அண்மையில்தான். என் மகளைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்தது பள்ளி வகுப்புதான், மரபு அல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த மஞ்சள் பெல்ட்டை நான் கேலி செய்ய மாட்டேன்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதன் பிறகு மாடிக்கும் கேள்விகள் வருகின்றன: எந்தச் சங்கத்தில் பதிவு, எந்த வயதுப் பிரிவு, தொட்டால் எத்தனை புள்ளி. விதி எழுதப்படுவது நல்லது. பூட்டுப் பிரிவு ஒருவரோடு மண்ணுக்குள் போவதை அது தடுக்கக்கூடும். போட்டி நாளுக்குள் பிள்ளையைத் தயார்செய்ய வேண்டும் என்ற அவசரம் வந்தால் சதுரத்துக்கு எத்தனை மாதம் மிஞ்சும் என்பது எனக்குக் கவலை. ஒலிம்பிக்கை நம்பித் தன்னை மாற்றிக்கொண்ட கராத்தே, 2021இல் நடந்த தோக்கியோ போட்டியில் இடம்பெற்று, 2024 பாரிஸில் இடமின்றிப் போனது.

மாமியாரின் கேள்விக்கு, யாரும் ஏமாற்றவில்லை என்று பதில் சொன்னேன். ஆனால் பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை, அதிலும் அடிக்கடி விடுப்பெடுக்க நேரும் பிள்ளையை, எங்கே விடுவது என்று கேட்டால் மாடியில்தான் என்பேன். வாத்தியார் கை நீட்டாதவர், பெண் பிள்ளைகளும் வருகிறார்கள், பெற்றோர் போய் நிற்கலாம் என்ற மூன்றும் இருந்தால். கூச்சம் போக வேண்டும், ஓடியாட வேண்டும், பக்கத்தில் வேறு வாத்தியார் இல்லை என்றால் வரிசை வகுப்பே போதும். ஆனால் பெல்ட் தேர்வைப் பெற்றோர் தள்ளிப்போடலாம் என்பதை மறக்க வேண்டாம். நானும் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டவில்லை. மாஸ்டரிடம் காரணம் சொன்னபோது அவருக்கு முதலில் புரியவில்லை, பிறகு அவளை முன்வரிசைக்கு மாற்றினார்.

இப்போது இரவில் சாப்பாட்டுக்கு முன் மகள் வராந்தாவில் அந்தக் கீழ்த்தடுப்பையே திரும்பத் திரும்பச் செய்கிறாள். அண்ணன் சுவரோரம் உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தபடி எண்ணிக்கை போடுகிறான். ஐந்துக்கு மேல் அவனுக்கு ஜப்பான் மொழி தெரியாது; இச், நி, சான், ஷி, கோ, ஆறு, ஏழு என்று போய்க்கொண்டிருக்கிறது.