எஸ்டிபில ஏர்லிஃப்ட் பம்ப்பு: ஏழு வருஷம் ஓட்டின அனுபவம்

எங்க அபார்ட்மென்ட் சென்னை பெரும்பாக்கம் பக்கம், 160 வீடு, எஸ்டிபி (கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ற பிளான்ட்டு) 90 கேஎல்டி, அதாவது ஒரு நாளைக்கு 90 ஆயிரம் லிட்டர். அசோசியேஷன்ல யாரும் எஸ்டிபி பக்கமே வரமாட்டேன்னு ஒதுங்கினதால அது என் தலையில விழுந்துச்சு, 2018ல இருந்து நான்தான் பாத்துக்கறேன். படிச்சது காமர்ஸ், அதனால இதுல ஃபார்முலா எல்லாம் தேடாதீங்க, பாத்தத சொல்றேன்.

பில்டர் கைமாத்தி குடுக்கும்போது கிளாரிஃபையர் (கலங்கல் படிய வெக்கற தொட்டி) அடியில ரெண்டு சப்மெர்சிபிள் பம்ப்பு இருந்துச்சு. அடியில தங்குற சேற, அதாவது ஸ்லட்ஜ, திரும்ப ஏரேஷன் டேங்குக்கு (காத்து ஊதற தொட்டிக்கு) அனுப்பறதுதான் அதுங்க வேலை, ஏன்னா கழிவ தின்னு முடிக்கற பாக்டீரியா எல்லாம் அந்த ஸ்லட்ஜ்லதான் இருக்கு, அது அடியிலயே கெடந்தா செத்து அழுகி பார்க்கிங் வரைக்கும் நாறும். பம்ப்பு ரெண்டும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தி மாத்தி படுத்துக்கும். காரணம் தலைமுடி. 160 வீட்டு பாத்ரூம் முடியும் இம்பெல்லர்ல (உள்ள சுத்தற இறக்கையில) சவுரி மாதிரி சுத்திக்கும், மோட்டார் வைண்டிங் போயிடும். ஒரு தடவை பம்ப்ப தூக்கற சங்கிலியே துருப்பிடிச்சு அறுந்து போச்சு, கான்ட்ராக்டர் ரொம்ப சாதாரணமா "ஆள எறக்கி எடுத்துடலாம் சார்"ன்றார். பாதுகாப்பு இல்லாம ஆள எறக்கறது 2013 சட்டப்படியே குத்தம், அதுக்கும் மேல தொட்டிக்குள்ள இருக்கற விஷ கேஸ் ஒரு மூச்சுல ஆள சாய்ச்சிடும். முடியாதுன்னுட்டோம், அந்த பம்ப்பு இன்னும் அங்கயேதான் கெடக்கு.

அப்பதான் ஏர்லிஃப்ட் போட்டோம். சமாச்சாரம் ரொம்ப சிம்பிள், கொளத்தூர் மீன் கடைங்கள்ல தொட்டிக்குள்ள ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடறத பாத்திருப்பீங்க இல்ல, அதேதான் பெரிய சைஸ்ல. மூணு இஞ்ச் பைப்பு ஒண்ணு நேரா அடிவரைக்கும், அதோட வாய்க்கு ஒரு முழம் மேல ப்ளோயர்ல (காத்து ஊதற மெஷின்) இருந்து வர்ற காத்த உள்ள விடணும், பைப்புக்குள்ள குமிழும் தண்ணியும் கலந்து லேசாயிடும், வெளிய நிக்கற தண்ணி கனமா இருக்கறதால அது உள்ள இருக்கறத மேல தள்ளி கொட்ட வெக்குது. தண்ணிக்குள்ள சுத்தற பார்ட்டு ஒண்ணு கூட இல்ல, முடி சுத்த எடமே இல்ல. ஸ்லட்ஜும் அடிபட்டு உடையாம முழுசா போகுது, அதனால அப்புறம் நல்லா படியுது.

ஆனா மொதல்ல போட்டப்ப ஒழுங்கா ஓடல. கான்ட்ராக்டர் பைப்ப நடைபாதைக்கு மேல வளைச்சு, தண்ணி மட்டத்துல இருந்து ஒன்றரை மீட்டர் ஒசத்திட்டார், சொட்டு சொட்டா வந்துச்சு. எங்க கிளாரிஃபையர்ல தண்ணியே மூணு மீட்டர்தான். பைப்பு எவ்ளோ ஆழம் முங்கியிருக்கோ அதுதான் இதோட பலம், மேல தூக்க தூக்க பலம் போயிடும். அரை மீட்டருக்கு எறக்கினதும் கொளக் கொளக்னு கொட்ட ஆரம்பிச்சுது. இன்னொரு கூத்து, ப்ளோயர்ல இருந்து வெளிய வர்ற காத்து கைய வெக்க முடியாத சூடு, அது வாயிலயே பிவிசி பைப்ப மாட்டிட்டு போயிருந்தாங்க, ரெண்டே வாரத்துல அது வாழத்தண்டு மாதிரி தொங்கிடுச்சு. ப்ளோயர் ஓரத்துல ஜிஐ பைப்புதான் போடணும், இத கோட்டேஷன்லயே எழுதி வாங்கிடுங்க.

காத்து ஜாஸ்தி விட்டா தண்ணி ஜாஸ்தி வரும்னு நெனைக்காதீங்க. நாங்க பக்கெட் வெச்சு அளந்தோம். இருபது லிட்டர் பக்கெட் இருபது செகண்ட்ல நெறஞ்சுது, அப்படின்னா மணிக்கு 3.6 கியூபிக் மீட்டர், எங்க பிளான்ட்டுக்கு உள்ள வர்ற அளவும் கிட்டத்தட்ட அதேதான், போதும். வால்வ முழுசா தொறந்து அளந்தா அதே பக்கெட்டுக்கு முப்பத்தஞ்சு செகண்ட் ஆச்சு! நடுவுல வெறும் காத்து பீறிட்டு போகுது, தண்ணி பைப்பு சுவத்துல ஒட்டிக்கிட்டு மெதுவா ஏறுது. சரியான எடத்துல வால்வ நிறுத்தி பெயின்ட்ல கோடு போட்டு வெச்சிருக்கோம்.

இப்ப மெயின் தலைவலிக்கு வர்றேன். போட்டு ஒரு வருஷம் கழிச்சு தெனமும் காலையில ஆபரேட்டர் தம்பி போன், "சார், கிளாரிஃபையர்ல வடை மெதக்குது சார்". போய் பாத்தா நெஜமாவே மெதுவடை சைஸ்ல பழுப்பு கட்டி கட்டியா மெதக்குது, குச்சியால தட்டினா உள்ள இருந்து குமிழு வந்துட்டு அப்படியே முங்கிடும். கான்ட்ராக்டர் சோப்பு தண்ணி மேல பழி போட்டார், அப்புறம் பாக்டீரியா கல்ச்சர் பவுடர்னு மூட்டை மூட்டையா வித்தார், நாங்களும் ஏழு மாசம் வாங்கி கொட்டினோம். அந்த காச நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

விஷயம் என்னன்னு தம்பிதான் கண்டுபிடிச்சான், விடிகாலை அஞ்சு மணிக்கு டார்ச் அடிச்சு பாத்திருக்கான், ஏர்லிஃப்ட் ஓடவே இல்ல, ஆனா பக்கத்துல ஈக்வலைசேஷன் டேங்கு (வீடுங்கள்ல இருந்து வர்ற கழிவுத்தண்ணி மொதல்ல சேர்ற தொட்டி) சோறு கொதிக்கற மாதிரி தளதளன்னு கொதிக்குது. எங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே ப்ளோயர், ஒரே ஹெடர் (எல்லா லைனும் பிரியற பெரிய காத்து பைப்பு). ஒரு மீட்டர் தண்ணிய தள்ளிட்டு வெளிய வர காத்துக்கு ஏறக்குறைய 0.1 கிலோ பிரஷர் வேணும். ராத்திரி யாரும் தண்ணி பொழங்கறதில்ல, பம்ப்பு மட்டும் எடுத்துக்கிட்டே இருக்கு, விடியறதுக்குள்ள ஈக்வலைசேஷன் டேங்குல ஒரு மீட்டர் கூட மிச்சமில்ல. காத்து எங்க சுலபமோ அங்கதானே போகும், மொத்தமும் அந்த பக்கம் ஓடிடுச்சு, மூணு மீட்டர் ஆழத்துல இருக்கற ஏர்லிஃப்டுக்கு ஒண்ணும் இல்ல. ஸ்லட்ஜ் அடியில காத்தில்லாம கெடந்தா தண்ணில இருக்கற நைட்ரேட்ட பாக்டீரியா உடைச்சு நைட்ரஜன் கேஸ் விடும், அந்த குமிழு ஸ்லட்ஜ தூக்கிட்டு மேல வருது, அதான் வடை. நாங்க காசு குடுத்து பைப்புக்குள்ள செய்யற வேலைய அது ஓசியில டேங்கு முழுக்க செஞ்சிட்டு இருந்திருக்கு.

தண்ணி மட்டம் எறங்கினா பம்ப்ப நிறுத்தற ஃப்ளோட் சுவிட்ச ஒசத்தி ஈக்வலைசேஷன்ல எப்பவும் ஒன்றரை மீட்டர் நிக்கற மாதிரி வெச்சோம், அந்த லைன் வால்வ கொஞ்சம் மூடி கைப்பிடியவே கழட்டிட்டோம் (இல்லன்னா யாராவது திருப்பிடுவாங்க). முக்கால்வாசி சரியாச்சு. 2021ல ஏர்லிஃப்டுக்குன்னு தனியா ஒன்றரை எச்பி சின்ன ட்வின் லோப் ப்ளோயர் வாங்கினோம், அன்னிலேர்ந்து வடை இல்ல. புதுசா போடறவங்க இத மொதல் நாளே செஞ்சிடுங்க.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க ஏரியா மொத்தமும் தண்ணி, ஜெனரேட்டரும் முங்கிடுச்சு, மூணு நாள் கரன்ட் இல்ல. ப்ளோயர் ரூம் மட்டும் மாடியில இருந்ததால பொழச்சோம். கரன்ட் வந்து ஆன் பண்ணா பைப்புக்குள்ள ஸ்லட்ஜ் கெட்டியா அடைச்சிட்டு நிக்குது. மேல வால்வ மூடிட்டு காத்த விட்டா அது கீழ் வழியா பீச்சிக்கிட்டு வெளிய வரும், ரெண்டு நிமிஷம் அப்படி வெச்சோம், பெருசா ஒரு ஏப்பம் விட்டுட்டு ஓட ஆரம்பிச்சிடுச்சு. பக்கத்து அபார்ட்மென்ட்ல சப்மெர்சிபிள் மூணும் ரீவைண்டிங்குக்கு போச்சு.

எல்லா எஸ்டிபிக்கும் இது செட் ஆகுமான்னா, ஆகாது. நாப்பது அடி தள்ளி இருக்கற டேங்குக்கோ மாடிக்கோ தள்ள சொன்னா இது கையெடுத்து கும்பிட்டுடும், நேரா மேல தூக்கி பக்கத்துல கொட்டத்தான் லாயக்கு. கரன்ட் செலவுல பம்ப்ப விட சிக்கனம்னும் சொல்லமாட்டேன். சத்தமும் உண்டு, பி பிளாக் முதல் மாடிக்காரர் இன்னும் என்கூட பேசறதில்ல. குரூப்ல ஒருத்தர் மூடி வெச்ச டைஜஸ்டர்லயும் (காத்தில்லாம ஸ்லட்ஜ மக்க வெக்கற தொட்டி) இதே மாதிரி காத்து விட்டு கலக்கலாமான்னு கேட்டார், தயவுசெஞ்சு வேணாம், அங்க இருக்கறது மீத்தேன், காத்தோட கலந்தா வெடிக்கும், அந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனே ஆகாது. பெரிய பிளான்ட்டுங்கள்ல குமிழு விட்டு கலக்கணும்னா டைஜஸ்டர்ல வர்ற கேஸையே இழுத்து அழுத்தி திரும்ப அடியில விடுவாங்க, அது நம்ம லெவல் வேலை இல்ல.

ஏழு வருஷத்துல ஏர்லிஃப்டுக்குன்னு மாத்தினது ஒரு வால்வு, ஒரு என்ஆர்வி (திரும்பி வராம தடுக்கற வால்வு), ரெண்டு பெல்ட்டு, அவ்ளோதான். முடி அடைக்கல, ஆனா வெட் வைப்ஸ் அடைக்குது. பாக்கெட்ல ஃப்ளஷ் பண்ணலாம்னு போட்டிருக்குன்னு என்கிட்டயே வந்து காட்டினாங்க ஒரு அக்கா, கிளாரிஃபையர்ல இருந்து எடுத்தத நானும் அவங்களுக்கு காட்டினேன், துவைச்சு காயப்போட்டா திரும்ப பொழங்கலாம் போல, அவ்ளோ முழுசா இருந்துச்சு.