கல்யாண கேசட்டை டிஜிட்டலாக்க: யூஎஸ்பி கேப்சரா, டிவிடி ரெக்கார்டரா, கடையா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்யும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. 30 வருடமாகப் பீரோவின் அடித்தட்டில் கிடந்த விஎச்எஸ் கேசட்டுக்கு ஈரம்தான் முதல் எதிரி. அதனால் கருவி வாங்கும் முன் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். கறுப்பு விளிம்பில் வெள்ளைப் பொடியோ, நூல் நூலாக எதுவுமோ தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே டெக்கில் (கேசட் ஓட்டும் விசிஆர்) போட்டால், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் போகும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். காய்ந்த பூஞ்சை துடைத்தால் உதிரும். ஈரப் பூஞ்சை நாடா முழுக்க அப்பிக்கொள்ளும். அடியில் உள்ள 5 ஸ்க்ரூவைக் கழற்றினால் கேசட் திறக்கும். மாஸ்க் கட்டாயம்.

நல்ல கேசட்டையும் உடனே ஓட்டாதீர்கள். அழிபடாமலிருக்க முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டு, ஒருமுறை கடைசிவரை முன்னோட்டிப் பின்னோட்டுங்கள். ஒட்டியிருக்கும் சுற்றுகள் விடுபடும்.

செலவு குறைவு யூஎஸ்பி கேப்சருக்குத்தான், அதாவது டெக்கின் படத்தையும் ஒலியையும் கம்ப்யூட்டரில் ஃபைலாக்கும் சின்னக் கருவிக்கு. டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைச் செருகி, இந்திய டிவியின் பால் (PAL) முறை, 720x576, நொடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்தால் போதும். சிக்கல் பழைய நாடாவில் இருக்கிறது. அதன் சிங்க் சிக்னல் (ஒவ்வொரு ஃபிரேமும் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவது) ஆடும் இடங்களில் இந்தக் கருவி ஃபிரேமை விட்டுவிடும். ஒலி மட்டும் விடாமல் பதிவாகும். முதல் 10 நிமிடம் ஒன்றும் தெரியாது. போகப் போகப் படம் முந்தி, தாலி கட்டி முடித்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்கும்.

இதற்கு மருந்து, டெக்குக்கும் கேப்சருக்கும் நடுவே ஒரு டிவிடி ரெக்கார்டர். டிஸ்கில் பதிவதற்காக அல்ல. சிக்னல் அதன் வழியாகப் போய் வந்தால் நேராகும். பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இதற்குப் பேர்போனவை, பழையதாகத்தான் கிடைக்கும். கேசட் 10-க்கு மேல் இருந்தால் இந்த வழிதான் எங்கள் தேர்வு. ஏவி-யை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டி மட்டும் வேண்டாம். பெரும்பாலானவை பழைய டிவியின் 4:3 வடிவப் படத்தை அகலமாக இழுத்து முகங்களைச் சப்பையாக்கும்.

டெக்கே கிடைக்காவிட்டால் எதுவும் நடக்காது. புது விசிஆர் தயாரிப்பு 2016-இல் ஃபுனாய் நிறுவனத்தோடு நின்றுபோனது. வளைகுடாவிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த டெக் பரணில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். பல டிவி முறைகளையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக் என்றால், அமெரிக்க உறவினர் அனுப்பிய, அந்நாட்டு என்டிஎஸ்சி முறைக் கேசட்டும் ஓடும். ஹெட் பொருத்திய சுழலும் டிரம்மை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமி தோலால் (மெல்லிய துடைப்புத் தோல்), பக்கவாட்டில் மட்டும் துடைக்க வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். காதுப் பஞ்சு நார் விடும்.

2, 3 கேசட் மட்டும் என்றால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இந்த வேலை செய்யும் ஸ்டூடியோவில் கொடுப்பதே லாபம். பூஞ்சை கேசட்டைத் தனியாக ஓட்டுவீர்களா என்று முதலில் கேளுங்கள். டிவிடி வேண்டாம், பென்டிரைவில் ஃபைல் வேண்டும் என்று சொல்லுங்கள். 3 மணி நேரக் கல்யாணத்தை 4.7 ஜிபி டிஸ்கில் அடக்கினால் நொடிக்கு 3.5 மெகாபிட்கூட வராது. பட்டுச்சேலையின் சரிகை கட்டம் கட்டமாக உடையும். எச்.264 என்ற வீடியோ வடிவத்தில் நொடிக்கு 8 மெகாபிட் கேளுங்கள், மணிக்கு 3.6 ஜிபி பிடிக்கும். வாங்கியதும் கடையிலேயே கடைசி 5 நிமிடத்தை ஓட்டி, உதடும் ஒலியும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.