மீன் போன வழி சொல்லும் ரிசீவர்: இரண்டு வருட அனுபவம்

மடவை மீன்கள் கடல்நீர் ஏற்றத்தோடு சேற்றுத்திட்டுக்கு மேய வருகின்றன. நீர் வற்றத்தில் எங்கே ஒதுங்குகின்றன? அதைப் பார்க்கத்தான் இந்த ரிசீவர்களை வாங்கினோம். 69 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்கும் வகை. மீன் வயிற்றுக்குள் வைத்துத் தைத்த டேக் என்ற சின்ன ஒலிக்கருவி, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தன் எண்ணைக் கூவும். கடலடியில் கட்டியிருக்கும் ரிசீவர் அதைக் கேட்டு நேரத்தோடு குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

கேட்கும் தூரத்தைப் பற்றி அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஒரு டேக்கைக் கயிற்றில் கட்டிப் படகிலிருந்து இறக்கி நாங்களே சோதித்தோம். காற்றில்லாத நாளில் 400 மீட்டர், அலையடித்த நாளில் அதில் பாதிகூட இல்லை. பாறையோரம் வைத்தது இன்னும் மோசம். இரவானால் இறால்கள் சொடுக்கும் சத்தத்தில் டேக்கின் குரல் அமுங்கிவிடுகிறது. மீன் வரவில்லை என்று முதல் மாதம் எழுதி வைத்ததையெல்லாம் அப்புறம் கோடு போட்டு அடிக்க வேண்டியதாயிற்று.

பேட்டரி பற்றிக் குறையில்லை, ஒரு வருடம் தாண்டியது. ஆனால் மேலே கொட்டலசு என்ற ஓட்டுயிர் அப்பிக்கொள்ளும்; சுரண்டாவிட்டால் காது மந்தம். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் இருந்ததால் தண்ணீர் புகுந்து, ஒன்றில் நான்கு மாதப் பதிவு போயிற்று. கம்பெனி புதுக் கருவி தந்தது. சரி, பதிவை யார் தருவார்கள்?

இருந்தாலும், ஒரே மடவை ஏற்றம் தொடங்கியதும் அதே ஓடைவாயில் தினமும் பதிவாவதைத் திரையில் பார்த்தபோது கொடுத்த காசு உறுத்தவில்லை. வாங்கினால் வளையங்கள் கூடுதலாக வாங்குங்கள்.