கோக் மெஷினா, காபி மெஷினா?

இணையத்தின் ஆரம்பகால விநோதங்களில் எனக்குப் பிடித்த இரண்டுமே சோம்பேறித்தனத்தில் பிறந்தவை. 1980களின் தொடக்கத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், அவ்வளவு தூரம் நடந்துபோய் காலி மெஷினைப் பார்த்து வெறுத்துப்போன கணினி ஆட்கள், கோக் மெஷினில் பாட்டில் தீர்ந்ததைக் காட்டும் விளக்குகளைக் கணினியோடு இணைத்துவிட்டார்கள். எந்த அடுக்கு காலி, எதில் பாட்டில் இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். புதிதாக வைத்த பாட்டில் மூன்று மணி நேரம் கடந்தால்தான் 'ஜில்' கணக்கில் சேரும்!

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக்காரர்கள் 1991-இல் செய்தது இன்னும் எளிது: காபி மெஷினுக்கு எதிரே ஒரு கேமரா, 128-க்கு 128 புள்ளியில் கறுப்பு வெள்ளைப் படம், அவ்வளவுதான். காபி இருக்கிறதா என்று தெரியும், சூடாக இருக்கிறதா என்றெல்லாம் தெரியாது.

மூளை என்று பார்த்தால் கோக் மெஷின்தான் கில்லாடி. ஆனால் 1993-இல் கேமரா படம் வலையில் ஏறியதும் ஊர் உலகமெல்லாம் எட்டிப் பார்த்தது காபியைத்தான் (அதுவும் யாரோ குடிக்கப்போகும் காபி). படம் என்றால் படம்தான், கோக் மெஷின் காட்டும் எழுத்தையும் எண்களையும் யார் வேடிக்கை பார்ப்பார்கள்? 2001-இல் கேமராவை நிறுத்தியதும், பழுதான அந்த மெஷினை ஈபே ஏலத்தில் 3,350 பவுண்டு கொடுத்து ஜெர்மனியின் செய்தித் தளமான ஸ்பீகல் ஆன்லைன் வாங்கிக்கொண்டது.