எஸ்பி ரோட்ல 750 ரூபாய்க்கு 128 ஜிபி மெமரி கார்டு வாங்கினவங்க இதைப் படிச்சிடுங்க

பெங்களூர்ல கேமரா வெச்சிருக்கற நம்ம ஆளுங்க யாராவது சமீபத்துல எஸ்பி ரோட்ல மெமரி கார்டு வாங்கியிருந்தா, அடுத்த விசேஷத்துக்கு தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி அது போலியான்னு ஒரு தடவை செக் பண்ணிடுங்க. நான் பண்ணல. கடை பேரு சொல்லப் போறதில்ல, அந்த ஒரு கடைல மட்டும் தான் இது நடக்குதுன்னு நான் நம்பவும் இல்ல.

போன மாசம் அல்சூர்ல ஒரு சௌல்ட்ரில (மண்டபம்) எங்க அக்கா பொண்ணுக்கு சடங்கு வெச்சிருந்தோம். தாய்மாமன் நான் தான், போட்டோகிராபரும் நான் தான், ஏன்னா "உங்கிட்ட தான் அவ்ளோ பெரிய கேமரா இருக்கேடா, வெளி ஆளுக்கு எதுக்கு இருபதாயிரம் குடுக்கணும்"னு அக்கா சொல்லிட்டா. என் பழைய கார்டு 32 ஜிபி, ரால (raw, ஒவ்வொரு படமும் பெரிய ஃபைலா சேவ் ஆகும்) எடுத்தா பத்தாதுன்னு முந்தின சனிக்கிழமை எஸ்பி ரோடு போனேன். ரெண்டு கடைல 1,500க்கு மேல சொன்னாங்க. மூணாவது கடைல அதே கம்பெனி, அதே 128 ஜிபி, அதே கலர் அட்டை, 750 ரூபாய். பில்லு கேட்டா ஜிஎஸ்டி எல்லாம் போட்டா வெல ஏறிடும் சார்னு சொல்லி எஸ்டிமேட்னு அச்சடிச்ச ஒரு துண்டுச் சீட்டுல கிறுக்கிக் குடுத்தான். அங்கயே திரும்பியிருக்கணும், பாதி வெலைல கெடச்ச சந்தோஷத்துல பக்கத்துல ஒரு பைட்டூ காபி வேற குடிச்சிட்டு வந்தேன்.

விசேஷத்தன்னைக்கு 740 படம். ஒவ்வொண்ணு எடுத்ததும் பின்னாடி ஸ்கிரீன்ல பளிச்சுன்னு தெரிஞ்சுது, அதனால சந்தேகமே வரல. அப்புறம் தான் புரிஞ்சுது, எடுத்த ஒடனே காட்டற அந்தப் படம் கேமராவோட சொந்த மெமரிலேந்து வருது, கார்டுல போய் உக்காந்துச்சான்னு அதுக்குத் தெரியாது. ராத்திரி லேப்டாப்ல காப்பி பண்ணா மொத 290 படம் அருமை. வாழமரம், கோலம், பூ டெக்கரேஷன், சமையல் மாஸ்டர் வடை போடறது, எல்லாம் இருக்கு. அதுக்கப்புறம் ஒரு படம் பாதி சாம்பல் கலர், அடுத்தது தொறக்கவே இல்ல, அப்படியே கடைசி வரைக்கும். சீர்வரிசை, பொண்ணுக்கு நான் மாலை போட்டது, எங்கம்மா நலுங்கு வெச்சது, ஒண்ணுமில்ல.

ரிக்கவரி பண்ணித் தரேன்னு ஒருத்தர் 4,000 கேட்டார், நல்லவேளை குடுக்கல. ஃபோட்டோரெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, தப்பா டெலிட் பண்ணது, ஃபார்மேட் பண்ணது எல்லாம் நெறைய மீட்டுக் குடுக்கும், ஆனா என் கேஸ்ல படம் எங்கயுமே எழுதப்படல, அப்புறம் எதை மீட்கறது? இந்த போலி கார்டு உள்ள இருக்கறது வெறும் 8 ஜிபி சிப்பு. கார்டுல தன் சைஸ் எவ்ளோன்னு கேமராவுக்குச் சொல்ற கன்ட்ரோலர்னு ஒண்ணு இருக்கும், அதை மாத்தி வெச்சு "நான் 128"னு பொய் சொல்ல வெக்கறாங்க. நாலு எலை போடற எடத்துக்கு அறுபத்திநாலு டோக்கன் குடுத்த மாதிரி. கேமராவும் நம்பும் கம்ப்யூட்டரும் நம்பும், விண்டோஸ்ல ஒழுங்கா 119 ஜிபின்னு தான் காட்டுச்சு (ஒரிஜினல் 128ம் அவ்ளோ தான் காட்டும், அது கணக்கு போடற மொறைல வர்ற வித்தியாசம்). அதனால சைஸைப் பாத்து ஏமாறாதீங்க. 8 நெறைஞ்சதும் சில கார்டு புதுசா வர்றதை அப்படியே காத்துல விட்டுடும், சிலது பழசு மேலயே எழுதிடும்.

கண்டுபிடிக்க நம்பகமான வழி முழுசா எழுதிப் படிச்சுப் பாக்கறது தான். அதுக்கு விண்டோஸ்னா எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸ், மேக்குனா எஃப்3 (F3), ரெண்டுமே இலவச சாஃப்ட்வேர். கார்டு காலியா இருக்கணும், ராத்திரி போட்டுட்டுத் தூங்கிடுங்க, மணிக்கணக்கா ஓடும். என்னோடதுக்கு 7.4 ஜிபி ஓகே, மிச்சம் எல்லாம் டேட்டா லாஸ்ட்னு வந்துச்சு. அந்த ஸ்கிரீன்ஷாட்டோட கடைக்குப் போனா, "நீங்க ஃபார்மேட் தப்பா பண்ணிட்டீங்க சார், எக்ஸ்சேஞ்ச் ஆகல்லா"ன்னு பாதி தமிழ் பாதி கன்னடத்துல சொல்லிட்டு அடுத்த கஸ்டமரைப் பாக்கப் போயிட்டான். 1915ங்கற நுகர்வோர் ஹெல்ப்லைனுக்குப் போன் போடலாம்னு பாத்தா கைல இருக்கறது கடைப் பேரே இல்லாத துண்டுச் சீட்டு.

ஸ்பீடு பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன், கார்டு மேல பெருசா 200 எம்பின்னு போட்டிருக்கறது பெரும்பாலும் படிக்கற வேகம். எழுதற வேகத்துக்கு வி30னு சின்னதா இருக்கான்னு பாருங்க, செகண்டுக்கு கொறைஞ்சபட்சம் 30 எம்பி எழுதும்னு அர்த்தம், சாதா வீடியோ, கல்யாணம் காதுகுத்துக்கு எல்லாம் அது தாராளம். ஏ1, ஏ2ன்னு இருக்கறது போன்ல ஆப் ஓட்டறதுக்கு, கேமராவுக்கு அதுக்காகக் காசு கூடக் குடுக்காதீங்க. அட்டையோட அச்சு மங்கலா இருந்தா போலின்னு சொல்வாங்க, என்னோடது அச்சு அவ்ளோ நீட்டா இருந்துச்சு, அதனால அதை நம்ப வேணாம். ஆன்லைன்ல வாங்கினாலும் விக்கறவன் யாருன்னு பாருங்க, ஒரே பக்கத்துல பத்து பேர் விப்பான்.

அக்கா ஒரு வாரம் பேசல. அப்புறம் அத்தை போன்ல எடுத்த ஒரு படம் கெடச்சுது, தாம்பாளத்துக்குப் பின்னாடி என் நெத்தி மட்டும் தெரியுது, வாட்ஸ்அப்ல வந்ததால அதுவும் மங்கல். மாமன் சீருக்கு இருக்கற ஒரே சாட்சி அது தான்.

இப்ப ரெண்டு 64 ஜிபி வாங்கியிருக்கேன், ஒண்ணு போனாலும் பாதியாவது நிக்கும்னு. இந்த தடவை கம்பெனியோட டீலர் கடை. ஜிஎஸ்டி பில்லுல கார்டு பின்னாடி இருக்கற நம்பரையும் எழுதுங்கன்னேன், அவர் ஒரு மாதிரி பாத்தார், நானும் நகரல, எழுதிக் குடுத்தார்.